நடுக்கம் இல்லாத சிக்னல்

நவம்பர் 12, செவ்வாய்

விடியக்காலத்துலருந்தே மழை. துறைமுகச் சாலை முழுக்கத் தண்ணி. லேபுக்குப் போய்ச் சேரும்போது சேலையில முழங்கால் வரைக்கும் சகதி.

வடக்கே அந்த அணு உலையிலருந்து ரெக்கார்டிங் வந்தாச்சு. பழுது பார்த்ததுக்கு அப்புறம் எடுத்த முதல் ரெக்கார்டிங். எங்க லேப் ஹெட் சார் எனக்கு முந்தியே பார்த்துட்டார். "போச்சும்மா, உங்க மேடு போச்சு"ன்னு மக்ரூன் டப்பாவோட நிக்காரு.

போன மாசம் வரைபடத்துல ஒரு மேட்டைப் பார்த்து நான்தான் எழுதிக் கொடுத்தேன்: உலைக்குள்ள டிடெக்டர் வச்ச நீளக் குழாய் ஆடுது, பக்கத்து எரிபொருள் பெட்டியில உரசுது. அதனால உலையை நிறுத்தி, குழாய்க்குப் பிடிமானம் மாத்தினாங்க. இப்போ பாதிப் பவர்ல ஓடுது. நான் கையெழுத்துப் போட்டாத்தான் முழுப் பவர்.

போடலை. என்னமோ சரியில்ல. மக்ரூன் மட்டும் நிறைய தின்னேன்.

நவம்பர் 13, புதன்

மழை விட்டுட்டு. புழுக்கம்.

தோசைக்கு நடுவுல இவங்க கேட்டாங்க, அப்படி என்னதான் பார்க்க நீ அங்கன உக்காந்துன்னு. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணிருக்கு! சொன்னேன். உலை சீரா ஓடினாலும் நியூட்ரான் அளவு துளி நடுங்கிக்கிட்டே இருக்கும். கன்ட்ரோல் ரூம்ல நடுக்கத்தத் தள்ளிட்டு சராசரியப் பார்ப்பாங்க. நாங்க சராசரியத் தள்ளிட்டு நடுக்கத்தப் பார்ப்போம். உள்ள எது ஆடினாலும், அது ஆடுற வேகத்துல வரைபடத்துல ஒரு மேடு எழும்பும். "சரி, சட்னி ஊத்து"ன்னாங்க. நல்ல மனுஷன்.

லேப்ல பாத்திமாவும் நானும் முதல்லருந்து பார்த்தோம். காயல்பட்டினத்துப் பிள்ளை, கண்ணு கூர்மை. குழாய் மேடு இல்ல, சரி. ஆனா தண்ணியச் சுத்த விடுற பம்ப்போட மேடும் இல்ல. பம்ப் ஓடாம உலை எப்படி ஓடும்? எல்லாம் சலிச்ச மாவு மாதிரி வழுவழுன்னு. "இது நிச உலை மாதிரியே இல்லக்கா"ங்கா.

இன்னொரு ரெக்கார்டிங் வேணும்னு சார்கிட்ட சொன்னேன். முகம் கறுத்துப் போச்சு.

வாங்கணும்: உளுந்து, பல்பு, அத்தைக்கு பிபி மாத்திரை.

நவம்பர் 14, வியாழன்

மறுபடியும் தூத்தல். அணுமின் நிலையத்துப் பெரிய ஆளுங்க ஃபோன்ல, எப்ப கையெழுத்து எப்ப கையெழுத்துன்னு. அப்புறம் சார் கதவச் சாத்திட்டுச் சொன்னது:

"கண்டுபிடிச்சது நீங்க. அது சரியாயிட்டுன்னு ஒத்துக்க உங்களுக்கு மனசு வரல. அதான் விஷயம்."

பாத்ரூம்ல போய் அழுதேன். ஆத்திரம்.

ஆனா பஸ்ல வரும்போதும் அதே நெனப்பு. நிசமாவே அந்த மேடு இருக்கணும்னு எனக்கு ஆசையா? அந்த ரிப்போர்ட்டுக்குப் பிறகுதான் மீட்டிங்ல என் பேச்சுக்கு ஒரு மதிப்பு. அது போயிரும்னு பயமா? சீ. ஜெபம் பண்ண உக்காந்தேன், என்ன கேக்கன்னு தெரியல. எந்திரிச்சுட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

வெயில். துணி காய்ஞ்சுது, அது ஒரு நிம்மதி.

நிலையத்து எஞ்சினியர்கிட்ட நானே பேசினேன். புது ஆளு, மரியாதையானவன். வயரை எங்க சொருகினீங்கன்னு ஒண்ணொண்ணா கேட்டேன். பெருமையாச் சொல்லுதான்: கன்ட்ரோல் ரூம் மீட்டர்ல முள்ளு நடுங்கக் கூடாதுன்னு ஒரு ஃபில்டர் இருக்காம், அதுக்குப் பின்னாலருந்து எடுத்தானாம். போன தடவை சிக்னல் ரொம்ப அழுக்கா இருந்துச்சாம்.

"உங்களுக்குச் சுத்தமா அனுப்பணும்னுதான் மேடம்."

அட கர்த்தாவே. நடுக்கம் பார்க்குறவளுக்கு நடுக்கத்த வடிகட்டி அனுப்பிருக்கான். பாத்திமா மேசையில தலைய வச்சுச் சிரிக்கா. சார் எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து டீ சொன்னாரு.

ஃபில்டருக்கு முன்னாலருந்து திங்களன்னிக்கு எடுக்காங்க. குழாய் இன்னும் ஆடுதா இல்லியான்னு அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.

நவம்பர் 17, ஞாயிறு

கோயில். பிரசங்கம் காதுல ஏறல. இவங்க சீலா மீன் வாங்கியாந்தாங்க, குழம்புல உப்பை அள்ளிப் போட்டுட்டேன். எல்லாரும் அப்படியே தின்னாங்க. அத்தை மட்டும் மோர் கேட்டாங்க.

நவம்பர் 18, திங்கள்

மத்தியானம் புது ரெக்கார்டிங் வந்துட்டு. பாத்திமா அதைக் கம்ப்யூட்டர்ல ஓட்டினா. நான் கண்ண மூடிக்கிட்டேன், வெக்கமில்லாம.

"அக்கா, பம்ப் வந்துட்டு."

திறந்தேன். பம்ப் மேடு அதோட இடத்துல ஜம்முன்னு. குழாய் மேடு இருந்த இடத்துல ஒண்ணுமில்ல. வழக்கமான சின்ன நடுக்கம் மட்டும். மறுபடி ஓட்டினோம். மத்த டிடெக்டரும் பார்த்தோம். இல்ல. குழாய் ஆட்டம் நின்னுட்டு. பாத்திமாவக் கட்டிப் பிடிச்சேன், அவ கண்ணாடி கீழ விழுந்துட்டு.

கையெழுத்துப் போட்டாச்சு. அன்னிக்கு அப்படிச் சொல்லிருக்கக் கூடாதுன்னாரு சார். பரவால்ல சார்னேன்.

பஸ்ல ஜன்னலோரம் இடம். மேடு இல்லைன்னு பார்த்ததும் எனக்கு முதல்ல வந்தது சிரிப்புதான். கொஞ்சமாவது வருத்தம் இருக்கான்னு உள்ள தேடிப் பார்த்தேன். இல்ல.