சலாப வரைபடம் காணாமல் போன வாரம்

ஜூன் 9, திங்கள்

மேற்கே இருந்து கச்சான் காற்று. ஜன்னலைத் திறந்தால் மண், மூடினால் புழுக்கம். காலையில் அலமாரி துடைப்பு.

ஆலந்தலையிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி ரோஸ்லின், முத்துக்குளிப்பு பற்றிய பெரிய தொகுதியைக் கேட்டாள். சலாபம் என்னும் முத்துக்குளிப்பு இடங்களைக் காட்டும் வரைபடம் அதற்குள்தான். சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுகளான பார்கள் எல்லாம் கையால் வண்ணம் தீட்டியது. எங்கள் நூலகத்தின் பெருமையே அது. கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்தாள்.

"மேடம், படத்தக் காணோம்."

கிழிசல் இல்லை. தையலை ஒட்டி, பிளேடால் ஒரே நேர் வெட்டு. மற்ற தொகுதிகளையும் இறக்கிப் பார்த்தேன். இன்னும் மூன்றில் அதே வெட்டு.

இவற்றைக் கடைசியாகப் பார்த்தவர் தவக்காலத்தில் வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். மூலை மேஜை. மெல்லிய குரல். உதவியாளர் புஷ்பம் அக்காவுக்கு மக்ரூன் வாங்கி வருவார்.

"அந்த ஐயாவா? மகராசன் மாதிரில்லா இருந்தாரு!" அக்கா உட்கார்ந்தே விட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

நூலகத்தை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளரிடம் போனேன். உப்பளக்காரர், நல்ல மனிதர், பயந்தவர்.

"இங்க பாருங்கம்மா, வெளிய சொன்னா நம்ம பேருதான் நாறும். இனி ஒருத்தன் நமக்குப் பழைய புஸ்தகம் தருவானா?"

"சொல்லலன்னா அந்த ஆளு அடுத்த லைப்ரரிக்குப் போவாரு, அண்ணாச்சி."

"போனா அது அவங்க பாடு."

அந்த ஒரு வார்த்தையில்தான் முடிவு செய்தேன். வாங்க வேண்டியவை: பூச்சிமருந்து, அம்மாவுக்குக் கண் சொட்டு. மறந்துவிட்டேன் இரண்டையும்.

ஜூன் 11, புதன்

காவல் நிலையம். ஒரு மணி நேரம் பெஞ்சு. எஸ்.ஐ. சின்ன வயது. புகாரைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பழைய பேப்பருக்கா மேடம் இம்புட்டு தூரம் வந்திய?"

"ஒரு கோயில்ல சிலை போனா இப்படிக் கேப்பீங்களா?"

சிரிப்பு நின்றது. புகாரை ஏற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையில் வரும்வரை நகரவில்லை. வெளியே வந்ததும் கரும்புச்சாறு குடித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

இரண்டு நாளாக போன். திருநெல்வேலி, நாகர்கோவில், தெரிந்த நூலகம் எல்லாவற்றுக்கும். ஆளின் அடையாளம் சொன்னேன். பலருக்கு எரிச்சல். ஒருவர் பாதியில் வைத்துவிட்டார்.

மதியம் காயல்பட்டினத்துக்குப் போன். அங்கே ஒரு பழைய வாசகசாலையைப் பார்த்துக்கொள்பவர் சுலைமான் காக்கா; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். துபாயில் இருந்து திரும்பி வந்தவர்.

"மெல்லமா பேசுவாரு, வெள்ளச் சட்டை. அவரா? போன சனிக்கிழம இங்கதான் இருந்தாரு. நாளைக்கும் வாரேன்னுட்டுப் போயிருக்காரு."

"வரட்டும்மா. நான் சாயா குடுத்து உக்கார வைக்கேன். நீங்க போலீஸக் கூட்டிட்டு வாங்க."

எஸ்.ஐ.க்கு போன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 14, சனி

ஆத்தூர் வழியாகப் பேருந்து. பக்கத்தில் மஃப்டியில் ஏட்டு, வழியெல்லாம் தூக்கம். பேராசிரியர் வராவிட்டால்? வந்தும் எடுக்காவிட்டால்?

வந்தார். உள்ளறைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து பிளேடு. ஒரு கை இருமலுக்கு வாய் பொத்த, மறு கை வெட்டுகிறது. தாளைச் செய்தித்தாளுக்குள் சொருகித் தன் பையில் போட்டார். ஏட்டு அந்தப் பையைப் பிடித்தார்.

பேராசிரியர் பதறவே இல்லை. என்னை அடையாளம் கண்டு வணக்கம் வேறு.

"நான் இதையெல்லாம் காப்பாத்துறேன்மா. உங்க கட்டடம் ஒழுகுது. கரையான் தின்னா யார் மேல கேஸ் போடுவீங்க?"

சுருக்கென்றது. ஒழுகுவது உண்மை.

"கரையான் விக்காது சார்" என்றேன்.

காக்கா சிரித்துவிட்டார். அப்போதுதான் பேராசிரியர் முகம் மாறியது.

ஜூன் 16, திங்கள்

அவர் வீட்டில் சலாப வரைபடம் கிடைத்தது! மற்ற மூன்றையும் விற்றுவிட்டார். வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்காம்.

நிலையத்தில் எஸ்.ஐ., "இது உங்களோடதுன்னு எப்படிச் சொல்லுதீங்க?" என்றார். தொகுதியைத் திறந்து படத்தைப் பொருத்திக் காட்டினேன். வெட்டு வெட்டோடு சேர்ந்தது. முன் பக்கத்தில் பூச்சி துளைத்த ஓட்டை, படத்திலும் அதே இடத்தில், அடுத்த பக்கத்திலும். குனிந்து பார்த்தவர் நிமிர வெகு நேரம் ஆனது. வழக்கு முடியும்வரை படம் நீதிமன்றத்தில்தான். ஒரு முறை விரலால் தொட்டுவிட்டுக் கொடுத்தேன்.

மாலை செயலாளர். "கெட்டிக்காரிதான், ஒத்துக்கிடுதேன். ஆனா இனி யாருக்கும் குடுக்காண்டாம். பூட்டிருவோம்."

"பூட்டினா திருடுபோன மாதிரிதான் அண்ணாச்சி. யாருக்கும் இல்லாமப் போகும்."

"இன்னொருத்தன் வந்தா?"

"வருவான். வாரவங்க பை வெளிய இருக்கும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் நானே பக்கம் புரட்டிப் பாப்பேன்."

சாவியைக் கேட்காமலே அண்ணாச்சி எழுந்து போனார்.

ஜூன் 18, புதன்

காற்று இன்னும் அடங்கவில்லை. கூரைக்குக் கொத்தனார் வந்து பார்த்துப் போனார்.

வெளிநாட்டு வியாபாரிக்கு எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. ஆனால் தன் இணையதளத்தில் இருந்து மூன்று படங்களையும் தூக்கிவிட்டார். ரோஸ்லின் அவற்றை முன்பே பதிவிறக்கி வைத்திருக்கிறாள், நல்ல பிள்ளை. ஒன்றில் எங்கள் முத்திரையைச் சுரண்டிய தழும்பு தெரிகிறது.

படங்களை இணைத்து இரண்டாம் கடிதம். நகல் காவல் நிலையத்துக்கு, தூதரகத்துக்கு. செயலாளருக்கும் ஒன்று. என் பெயருக்குக் கீழே தானும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

வாசிப்பறையில் ஆறு பேர். புஷ்பம் அக்கா ஒரு மீசைக்காரரிடம் பையை வாங்க மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். போகிறேன்.