குளிர் பட்ட வாழைக்காய்

வியாழன், இரவு

தூக்கம் வரவில்லை. நேற்றுச் சாயங்காலம் பூக்கடை இசக்கி, மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்துக்குக் கட்டிய மல்லிகைச் சரங்களோடு நான் வேலை பார்க்கும் வாழைக்காய் மண்டியின் குளிர் அறைக்கு வந்தான். "அக்கா, ஒரு மணி நேரம் கூலிங்கக் கூட்டி வைங்க, பூ வாடிரும்" என்றான். உள்ளே வாழைக்காய் இருந்தது. பதிமூன்று டிகிரிக்குக் கீழே வாழை தாங்காது என்று எல்லோருக்கும் சொல்லித் தருவதே நான்தான். ஆனாலும் ஐந்தில் வைத்தேன். அவன் பூவை எடுத்துப் போனான். நான் திருப்பி வைக்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலையில் முதலாளி அண்ணாச்சி வருவதற்குள் ஓடிப்போய்ப் பதிமூன்றுக்கு மாற்றினேன். அவர் ஒரு சீப்பைத் தூக்கிப் பார்த்தார். "காய் பச்சப்பசேல்னு இருக்கு. நீ இருக்கும்போது எனக்கு என்ன டென்ஷன், ராணி? நாளைக்கே சான்பாடா கடைக்கு ஏத்திருவோம்."

குளிர் பட்ட காய் உடனே காட்டிக்கொடுக்காது. பழுக்க வைக்கும்போதுதான் தோல் சாம்பலாகிக் கறுக்கும். சான்பாடா கடைக்காரர், பழுக்க வைத்த தன் ஆளைத்தான் திட்டுவார். என்னை யாரும் கேட்க மாட்டார்கள்.

வண்டி ஆறு மணிக்குக் கிளம்பும். அண்ணாச்சியிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஐந்துக்கு அலாரம் வைத்தேன். அப்புறம் அணைத்தேன். இப்போது மறுபடி வைத்திருக்கிறேன்.