மகள் வாயில் வைத்த ஸ்கேல்

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது, நீங்களே போட்டுச் சாப்பிடுங்கள். நானும் மகளும் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம்.

நேற்று விருந்தாளிகள் முன்னால் அவளை வாயைத் திறக்கச் சொல்லி, பல்செட் அளக்கிற ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "முன்பல் ரெண்டும் மூஞ்சிக்குப் பெருசு, சிரிச்சா பல்லு மட்டும்தான் தெரியுது" என்றீர்களே. பதிமூன்று வயதுப் பிள்ளை, உங்கள் பல்செட் பட்டறையில் அரம் வைத்து ராவுகிற பல்லா? காலையிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறாள்.

அந்த ஸ்கேலைக் கழுவாமல் கரண்டிகளோடு போட்டிருந்தீர்கள். குப்பையில் எறிந்துவிட்டேன், தேட வேண்டாம்.

இன்னொன்று. காலையில் அவளைப் பல் டாக்டரிடம் காட்டினேன். "பல்லு வளர்ந்தாச்சு, முகம்தான் இன்னும் வளரணும், தானா பொருந்திடும்" என்றார். நீங்கள் எப்போது வளர்வீர்கள் என்று கேட்க மறந்துவிட்டேன்.