ஆளில்லாத வளைவில் ஹார்ன்

11 மே 1965, செவ்வாய்

மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் எங்கள் வீட்டில் கார்காலம் பிறந்துவிட்டது. அத்தான் வேலை பார்க்கும் காரேஜின் முதலாளி சலாவுதீன் பாய், பழுது பார்த்து நிற்கும் ஒரு பழைய காரை மூன்று நாளைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அக்காவை அத்தான் தாராவிக்கு வெளியே கூட்டிப்போனது பிரசவ ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். (யாரோ என்ன யாரோ, நான்தான்.)

வெள்ளிக்கிழமை லோனாவாலா மலைக்கு. அத்தான், அக்கா, எட்டு மாத வெயிலுமுத்து, நான். என்னை எதற்குக் கூட்டிப்போகிறார்கள் என்று தெரியும். பிள்ளை துணி அலச.

14 மே, வெள்ளி

சயான், தாணா, மும்ப்ரா, பன்வேல். வழியில் ரேடியேட்டர் இரண்டு தரம் கொதித்தது, அத்தான் நாலு தரம் கொதித்தார். இரண்டுக்கும் தண்ணீர்தான் மருந்து.

மலை ஏறுமுன் கோபோலியில் டீ. காருக்கு அத்தான் ஒரு லாரி ஹார்னைப் பூட்டியிருக்கிறார். மலை வளைவுகளில் எதிரே வருகிறவனுக்குக் கேட்க வேண்டுமாம். அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காருக்கு முன்னால் நின்றாள். நான் உள்ளே. கை சும்மா இருக்குமா? அமுக்கினேன்.

டீக்கடைக்காரன் கெட்டிலைக் கீழே போட்டுவிட்டான். காக்கையெல்லாம் பறந்தது. அக்கா துள்ளிய துள்ளலில் முந்தானை சரிந்தது. வெயிலுமுத்து மட்டும் அசையவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு பறக்கிற காக்கைகளைப் பார்த்தான்.

அக்கா என்னைத் திட்டவே மறந்துவிட்டாள். "பாத்தியா எம்புள்ளைய? தாராவியில வளருறவன்ட்டி. இதுக்கெல்லாம் பயப்படுவானா?" என்றாள். உண்மைதான். நாங்கள் இருப்பது தகர டப்பா அடிக்கிற பட்டறைக்கு மேலே, பலகைத் தளத்தில். கீழே நாளெல்லாம் அடி, மேலே இவன் நாளெல்லாம் தூக்கம். பழகின காது என்று வருகிறவர்களிடமெல்லாம் அக்கா பெருமை பேசுவாள்.

நானும் சிரித்தேன். ஆனால் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லையே?

15 மே, சனி

பின்னால் வந்து திடுக்கிட வைக்கும் என் தந்திரம் வீட்டில் பலிக்காத ஒரே ஆள் வெயிலுமுத்து. எவ்வளவு பதுங்கிப் போனாலும் திரும்பிவிடுவான். இங்கே லாட்ஜில் கல் தரை. காலையில் பின்னால் போனேன். திரும்பவில்லை. கை தட்டினேன். திரும்பவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் அடித்தேன். தரையில் ஊர்ந்த எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தான். என் நிழல் அவன்மேல் விழுந்ததும் திரும்பி ஈறைக் காட்டிச் சிரித்தான்.

அப்படியென்றால் வீட்டில் திரும்பியது? பலகை. நான் காலை வைத்தால் பலகை ஆடும்.

அக்கா வந்து மடியில் போட்டுக்கொண்டு பாடினாள். அவன் அவள் வாயைப் பார்த்தான். பிறகு கையை அவள் தொண்டையில் வைத்தான். எப்போதும் வைப்பான். "பாட்டுன்னா இவனுக்கு உசுரு, தொண்டையத் தடவிக் குடுக்கான் பாரு" என்றாள். பாடினால் தொண்டையும் பலகை மாதிரி ஆடுமே.

யாரிடம் சொல்ல? அக்கா ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கியிருக்கிறாள். கொண்டையில் பூ. இவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் அத்தான் தனியாகக் கார் கழுவும்போது, பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார். "ஒன் வெளையாட்டுக்கு எம்புள்ளதான் கெடச்சானா?" என்றார். சத்தியம் பண்ணினேன். "போன மாசமும் சத்தியம்தான் பண்ணுன" என்றார்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி காரேஜுக்கு ஓடிப்போய், அக்கா படியில் விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். செருப்பில்லாமல் ஓடி வந்தார். தெருவே சிரித்தது. அவரும் கடைசியில் சிரித்தார்.

இனி நான் எதைச் சொன்னால் நம்புவார்கள்?

16 மே, ஞாயிறு

திரும்பினோம். மலை இறக்கத்தில் பாதை காலி. ஒரு வளைவில் அத்தான் ஹார்னை அழுத்தினார். எதிரே ஒன்றும் இல்லை. அடுத்த வளைவிலும். நான் பின் சீட்டில் இருந்து பார்த்தேன். அவர் பாதையைப் பார்க்கவில்லை. கண்ணாடியில், என் பக்கத்தில் அக்கா மடியில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார்.

"எதுக்கு இப்படி அடிக்கிய? வண்டி ஒண்ணும் வரலியே" என்றாள் அக்கா. மூன்றாவது தடவை கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே போனார். பள்ளத்தில் மோதி எங்கள் சத்தம் எங்களிடமே வந்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். வெயிலுமுத்து வாயோரம் எச்சில் ஒழுகத் தூங்கினான்.

அத்தான் காரை ஓரங்கட்டி பானட்டைத் திறந்தார். கொதிக்கவில்லை, ஆவியும் வரவில்லை. தண்ணீரும் கேட்கவில்லை. திறந்த பானட்டுக்குப் பின்னால் ரொம்ப நேரம் நின்றார். அதன் விளிம்பைப் பிடித்த அவர் விரல்கள் மட்டும் தெரிந்தன.

அதற்குப் பிறகு தாராவி வரை ஹார்னைத் தொடவில்லை. தாணா மார்க்கெட்டில் மாடு குறுக்கே நின்றபோதும் அது போகட்டும் என்று காத்திருந்தார்.

17 மே, திங்கள்

அத்தான் அக்காவிடம் சொல்லிவிட்டார்.

18 மே, செவ்வாய்

அக்கா நேற்று முழுக்க டம்ளர், தட்டு, சாவிக்கொத்து எல்லாவற்றையும் அவன் காதருகே அடித்துப் பார்த்தாள். அவனுக்கு அது விளையாட்டு. சாவியைப் பிடுங்கி வாயில் வைத்தான்.

இன்று என்னைப் பார்த்துச் சொன்னாள், சத்தம்கூடப் போடாமல்: "கோபோலியில அடிச்சியே, அதுலதான்ட்டி போச்சு. அதுவரைக்கும் எம்புள்ளைக்குக் கேட்டுச்சு."

அப்படியா? அடித்தபோதே அவன் அசையவில்லையே என்று சொல்ல வாய் வரை வந்தது. ஒருவேளை அந்த முதல் நொடியிலேயே போயிருந்தால்? நான் எப்படிச் சொல்ல முடியும், எனக்கு என்ன தெரியும்? பாவி நான், கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல.

21 மே, வெள்ளி

பிள்ளையை என்னிடம் தருவதில்லை. துணி மட்டும் வருகிறது. அலசுகிறேன். பச்சை வளையல் அலமாரியில் இருக்கிறது.

8 ஜூன், செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி. அக்கா என்னை வரச் சொன்னாள். டாக்டரிடம் நானே என் வாயால் ஹார்ன் கதையைச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். டாக்டரம்மா மணி அடித்தார், மேளம் தட்டினார், காதுக்குள் விளக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு ஹிந்தியில், மெதுவாக: பிறவியிலேயே இப்படி, ஹார்னில் போனது இல்லை, மருந்து கிடையாது, நாலு வயதில் இதற்கென்று உள்ள பள்ளியில் சேருங்கள்.

அத்தான் தமிழில் இன்னொரு தரம் சொன்னார். அக்காவுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. தலையை ஆட்டினாள்.

எனக்கு அழுகை வந்தது. காரணம் நான் இல்லை என்பதற்காகவா, அவனுக்காகவா? முதலில் எனக்காகத்தான். அதை இங்கே எழுதிவிடுகிறேன், வேறு எங்கே எழுத?

சயானில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அக்கா திரும்பிப் பார்க்காமலே பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். மழை பிடித்துக்கொண்டது. என் முக்காட்டுக்குள் அவனை வைத்துக்கொண்டு வந்தேன். கனத்திருக்கிறான்.

30 ஜூன், புதன்

இப்போது அவனைக் கூப்பிட எல்லாரும் பலகையைக் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டுகிறோம். முதலில் செய்தது அத்தான். திரும்பிப் பார்க்கிறான். கீழே பட்டறைக்காரர் மட்டும் தூசி விழுகிறது என்று கத்துகிறார்.

22 ஆகஸ்ட், ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததிலிருந்து அக்கா பாடியதே இல்லை. வெயிலுமுத்து மடியில் ஏறித் தொண்டையில் கை வைப்பான். காத்திருப்பான். ஒன்றும் ஆடாது. தட்டிப் பார்ப்பான். அவள் கையை எடுத்துவிடுவாள். இரண்டரை மாதமாக தினமும் இதுதான்.

இன்று மத்தியானம் எடுத்துவிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள். அதற்கே அவன் சிரித்தான். பாடினாள்.

இரண்டு வரிக்குமேல் அவளுக்கு மறந்துவிட்டது. மூன்றாவது வரிக்குப் பதிலாக முதல் வரியையே போட்டு, அதையும் தப்பாகப் பாடினாள்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தப்பைச் சொல்லிக்காட்டவில்லை.