சந்தனம் வைத்த நீராவி எஞ்சின்

கனகாம்பாள்,

நேற்று நீ தொடாத சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். முதலில் சாப்பிடு, பிறகு இதைப் படி.

கொலுவில் இருக்கும் பொம்மை நீராவி எஞ்சினைப் பாப்பா கொளுத்திவிடாமல் பார்த்துக்கொள். ஸ்பிரிட் விளக்கை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்திருக்கிறேன். நேற்று நான் ஓட்டிக் காட்டும்போது பாய்லர் நடுங்கியதே, அவள் முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"ஆயுத பூசைன்னு சந்தனத்த அப்பி, ஆவி போற ஓட்டைய அடச்சிட்டியே! புள்ளயக் கொல்லப் பாத்தியா?" என்று கொலு பார்க்க வந்த பெண்கள் எதிரில் கத்தினேன். கருவிகளெல்லாம் பூசையில் இருந்ததால் நேற்று கழற்றிப் பார்க்கவில்லை. பார்க்காமலேதான் திட்டினேன்.

இன்று விஜயதசமி. விடிந்ததும் ஸ்பானரை எடுத்து ஆவி போகும் வால்வைத் திறந்தேன். உள்ளே சந்தனம் துளியும் இல்லை. எஞ்சினை ஒட்டும்போது நான் வைத்த ஈயப் பற்று வழிந்து வால்வை இறுக்கிப் பிடித்திருந்தது. பதினெட்டு வருஷமாகப் பாய்லர் வேலை பார்ப்பவன் நான்.

உன்னை எழுப்பிச் சொல்ல வாய் வரவில்லை.

விளக்கை அணைக்க நான் வீசிய ஈரச்சாக்கில் அட்டை ஸ்டேஷன் நனைந்துவிட்டது, வெயிலில் வை. பிளாட்பாரத்தில் நின்ற த்வாண்டே ஊர்க் குயவர் செய்த மண் பொம்மைகள் உடையவில்லை.

அந்தப் பெண்கள் மாலை ஆரத்திக்கு வந்தால், இன்சீன் பட்டறையில் வேலை முடிந்து என் ரயில் வரும்வரை இருக்கச் சொல். அவர்கள் முன்னால் திட்டியதற்கு, அவர்கள் முன்னால்தான் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும்.

தங்கவேலு

எஞ்சின் நெற்றியில் நீ வைத்த சந்தனத்தைக் கோபத்தில் துடைத்துவிட்டேன். காலையில் நானே வைக்கப் போனேன், கை கூசியது. நீ வைப்பாயா?