உதவி தேவையில்லை

அன்பு மகளுக்கு,

உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். போன கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை. மூன்று பக்கமும் முதியோர் இல்லங்கள்தான். மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேனே, கொடுத்தாயா?

நீ அனுப்பிய பட்டியலில் நம் மாநிலத்துக்குள் இருப்பவற்றில் மூன்றுதான் எனக்குச் சரிப்படும்போல் இருந்தன. உனக்குப் பிடித்த ஏரிக்கரை இல்லத்துக்குக் கீழ்வீட்டுத் தையற்காரியோடு போய்வந்தேன். தோட்டம் அழகு. ஆனால் தானே நடமாட முடிகிறவர்களை மட்டும்தான் வைத்துக்கொள்வார்களாம். நடை தளர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். "அப்ப வீட்டுலேருந்து வந்து கூட்டிட்டுப் போயிடணும்மா" என்றார். எந்த வீட்டிலிருந்து, யார் வந்து என்று அவர் கேட்கவில்லை.

இரண்டாவது, மாநிலத்தின் மறுகோடியில் இருக்கிறது. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். தொலைபேசியில் பேசிப் பார்த்தேன். எடுத்த பெண் எடுத்த எடுப்பிலேயே "சொல்லு பாட்டி" என்றாள். அத்தோடு வைத்துவிட்டேன்.

மூன்றாவது, தபால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அரசாங்கப் பராமரிப்பு இல்லம். இரண்டே தெரு. எந்நேரமும் ஒரு நர்ஸ் இருக்கிறாள். நடைபாதையில் இரு சுவரிலும் கைப்பிடிக் கம்பி. ஜன்னலோரம் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, அங்கிருந்து நம் மொட்டைமாடி தெரிகிறது. எனக்கு அந்த இடம்தான் வேண்டும். மாதக் கடைசி வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அணைத்துத்தான் இருந்தது. இது மூன்றாவது தடவை.

அங்கே சேர ஒரு விதி உண்டு. குளிப்பது, உடுத்துவது, உண்பது, எழுவது, நடப்பது, கழிப்பறைக்குப் போவது என்று ஆறு காரியங்கள். இவற்றில் மூன்றுக்காவது அடுத்தவர் கை வேண்டும். அதை மதிப்பிட அரசாங்க நர்ஸ் வீட்டுக்கே வருவாள். இந்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை வந்தாள்.

விருந்தாளி வருகிறாள் என்றால் நான் எப்படி இருப்பேன் என்று உனக்குத் தெரியும். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் அதைத்தானே சொல்லிக்கொடுத்தார்கள். காலையிலேயே தையற்காரியைக் கூப்பிட்டுச் சட்டைப் பொத்தான்களைப் போடச் சொன்னேன். தேநீரை முன்னதாகவே பிளாஸ்க்கில் ஊற்றிவைத்தோம். வாசலிலிருந்து சாப்பாட்டு மேஜை வரை ஐந்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். அவற்றின் உறைகளைச் சரிசெய்வதுபோல் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவளுக்குத் தெரியவே இல்லை. நீங்களாகவே குளிக்கிறீர்களா என்று கேட்டாள். குளிக்காமலா உன்னை வரவேற்றேன் என்றேன். கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன், சிரித்துக்கொண்டே. இரண்டு நாள் தோள் வலித்தது.

போகும்போது, "உங்களைப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கும்மா, நூறு வயசு வரைக்கும் இங்கயே ராணி மாதிரி இருப்பீங்க" என்றாள். அந்தச் சனிக்கிழமையே முடிவு வந்தது. ஆறு இடத்திலும் 'உதவி தேவையில்லை'. பொய் சொல்வானேன், முழு மதிப்பெண் வாங்கியதுபோல் அதை அலமாரியில் சாய்த்துவைத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பின்பக்கத்தைப் படித்தேன். இடம் கிடையாது என்று எழுதியிருந்தது.

தையற்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "பெரியம்மா, பொண்ணு பாக்க வந்தாங்களா என்ன? இப்படி ஜோடிச்சுக்கிட்டு நின்னீங்களே!" என்றாள். அவளுக்கு வாய் அதிகம். ஆனால் பொத்தான் போடுகிற கை அவளுடையது.

நானே விளக்கமாக எழுதி, தையற்காரியைப் பிடித்துக்கொண்டு அந்த அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா படித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகா எழுதுற கைக்கு உதவி வேணும்னா யாரும்மா நம்புவாங்க?" என்றார். இரண்டு பக்கம் எழுத எனக்கு நான்கு நாள் ஆனது என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. மறுபரிசீலனை வேண்டுமென்றால், கடந்த ஒரு மாதத்துக்குள் என்னை நேரில் பார்த்த நெருங்கிய உறவினர் எழுதித் தர வேண்டுமாம். தையற்காரி எழுதினால் செல்லாது.

இன்னொன்று. மழைக்காலத்தில் எனக்குச் சளி என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா? சளி இல்லை. குளியலறையில் விழுந்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு விழுந்தவள் இரண்டு மணி வரை அங்கேயே கிடந்தேன். தையற்காரி கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்க வந்திராவிட்டால் எப்போது எழுந்திருப்பேனோ தெரியாது. கூப்பிட்டிருக்கலாம். குரல் இருந்தது. இந்தக் கோலத்தில் யாராவது வந்து பார்த்துவிடுவார்களே என்று கூப்பிடவில்லை. இதை எழுதும்போதுதான் அது எவ்வளவு மடத்தனம் என்று தெரிகிறது.

விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெயர், உறவு எல்லாவற்றையும் நானே நிரப்பிவிட்டேன், நீ எழுதினால் கட்டத்தை விட்டு வெளியே போகும். 'நேரில் பார்த்த தேதி' என்ற இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். நீ கடைசியாக வந்து மூன்று வருஷம் ஆகிறது. பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுத உன்னை நான் வளர்க்கவில்லை. உன் வேலையும் எனக்குத் தெரியும், விடுப்பு கேட்பது எவ்வளவு சங்கடம் என்பதும் தெரியும்.

வாசல் சாவி தையற்காரியிடம் ஒன்று இருக்கிறது. மணி அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், எனக்குக் கதவருகே வர நேரமாகும். திறந்துகொண்டு உள்ளே வந்துவிடு.

என்றைக்கு என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லாதே, கண்ணு. சொன்னால் நான் தயாராகிவிடுவேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

உன் அம்மா