தொண்ணூற்றொன்பது என்றது கருவி

நிலவின் தென்துருவம், ஆக்சிஜன் ஆலை. மருத்துவப் பதிவு.
எழுதுபவர்: டாக்டர் புளோரா ஞானதிரவியம், வயது 69.

நாள் 212, 07:10
ஆலையில் இருவர்: நான், என் கணவர் பொறியாளர் ஞானதிரவியம். நிலவு மண்ணை மீத்தேனோடு சுட்டு ஆக்சிஜன் எடுக்கிறோம். கீழ்த்தளத்தில் உலை, மேல்தளத்தில் எங்கள் அறை. உலைத்தளத்து வாயு உணரி நான்கு நாளாகப் பழுது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி போதும், உலையை நிறுத்த வேண்டியதில்லை என்று கையெழுத்திட்டவள் நான். இன்று இருவருக்கும் 99 விழுக்காடு.

10:25
கீழ்த்தளத்திலிருந்து அவர் குரல், உள்தொடர்பு ஒலிபெருக்கியில்:
"ஏட்டி டாக்டரு, தல பொளக்குது. மேல வரட்டா?"
"அளவி என்ன சொல்லுது?"
"தொண்ணூத்தொம்பது."
"அப்போ ஒண்ணுமில்ல. வெறும் வயித்தோட போனா வலிக்கத்தான் செய்யும். வேலையப் பாருங்க."
"நாப்பது வருசமா எனக்கு எப்ப வலிக்கணும்னு நீதான சொல்லுத."
சிரித்தார். நானும் சிரித்தேன். அதையும் பதிவு செய்கிறேன்.

11:40
"புளோரா, இந்த வால்வு... எந்தப் பக்கம் திருப்பணும்?"
அந்த வால்வை வடிவமைத்தவரே அவர்தான். முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கினேன். தரையில் கிடந்தார். உலையை நிறுத்தினேன். பூமியில் எழுபத்திரண்டு கிலோ, இங்கே பன்னிரண்டு. தனியாகவே தூக்கி வந்தேன். அளவி: 99.

12:05
ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபினில் 58 விழுக்காட்டைக் கார்பன் மோனாக்சைடு பிடித்திருக்கிறது. மண்ணைச் சுடும்போது உருவாகும் வாயு அது; உலைக் குழாயில் கசிவு.

இதைப் படிப்பவர் மருத்துவராக இல்லாமல் இருக்கலாம். ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு இருக்கைகள். நுரையீரலில் ஆக்சிஜன் ஏறும், உறுப்புகளில் இறங்கும். கார்பன் மோனாக்சைடு அதைவிட இருநூறு மடங்கு இறுக்கமாக உட்காரும். பக்கத்து இருக்கை ஆக்சிஜனையும் எளிதில் இறங்க விடாது. இரண்டும் ரத்தத்தைச் சிவப்பாக்கும். விரல் அளவிக்கு வேறுபாடு தெரியாது.

எனக்குத் தெரியும். முப்பத்தொரு ஆண்டுகள் மாணவர்களிடம் தேர்வில் இதைக் கேட்டிருக்கிறேன்.

13:50
தூய ஆக்சிஜன், முகமூடி வழியே முழு வேகத்தில். தொட்டியில் நானூறு கிலோ இருக்கிறது. எல்லாம் அவர் எடுத்தது. அவர் ரத்தத்தில்தான் அதற்கு இடமில்லை. இதயம் இருமுறை நின்றது. இருமுறை மீட்டேன்.

15:15
பூமியிலிருந்து: "டாக்டரம்மா, நாடி நின்னு ஒரு மணி நேரம் ஆச்சு. முகமூடிய எடுத்துருங்கம்மா. கொஞ்சம் உக்காருங்க."
அவர் முகமூடியின் பட்டையை இறுக்கினேன்.

நேரம் பார்க்கவில்லை
அவர் கன்னம் சிவந்தே இருக்கிறது. அந்த வாயுவின் நிறம். தெரியும்.

அளவி வெறும் கோடு காட்டுகிறது. நாடி இல்லையாம். காலையில் இதை நம்பினேன், அவரை நம்பவில்லை. இனி இதை நம்புவதாக இல்லை.

நானூறு கிலோ, இந்த வேகத்தில் பதின்மூன்று நாள் வரும். கணக்குச் சரிதான், இருமுறை போட்டுப் பார்த்தேன். முகமூடி அவர் முகத்திலேயே இருக்கும். யாரும் அதை எடுக்க விடமாட்டேன்.